மட்டாஞ்சேரிச் சுவர்களும் கைத்தறிச் சேலைகளும்

கட்டடம், உடை ஆகிய இரண்டும் மனிதனை வெயிலினின்றும் மழையினின்றும் காப்பவை. அவனுடைய தகுதியையும் நம்பிக்கையையும் பிறருக்குப் புலப்படுத்துபவை. ஆகவே, ஒரு காலத்தின் கட்டடக் கலையிலும் உள்ளலங்காரத்திலும் தோன்றும் போக்குகள் அக்காலத்து உடைப் பாணியிலும் எதிரொலிப்பது இயல்பேயாகும். அரண்மனையில் கண்ட அழகை இல்லத்திலும், இல்லத்தில் கண்ட அழகை உடுத்தும் துணியிலும் காண விழைவது எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவான பண்பு.

இத்தொடர்பை ஆராய விரும்பும் மாணவர்க்குக் கேரளத்தின் கொச்சி நகரைச் சேர்ந்த மட்டாஞ்சேரி ஒரு சிறந்த களமாகும். சில நூறு அடி இடைவெளியில் ஓர் அரண்மனையும் ஒரு யூத ஆலயமும் இங்கு அமைந்துள்ளன. கேரளச் சுவரோவியக் கலையின் தலைசிறந்த சான்றுகளுள் ஒன்று அந்த அரண்மனையில் உள்ளது. அக்கலை கடந்த சில பத்தாண்டுகளில் சுவரை விட்டு இறங்கிச் சேலைக்கு வந்துள்ளது. இம்மாற்றத்தால் பயன் பெறுவோர் யாவர், ஓவியரா, நெசவாளரா, வணிகரா என்னும் வினா கைத்தறி வளர்ச்சியில் ஈடுபட்டுள்ள அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மூன்று வழிகள்

கட்டடமும் உள்ளலங்காரமும் உடையைப் பாதிக்கும் வழிகள் மூன்று எனலாம். முதலாவது, இடத்தின் அமைப்பு. தரையில் அமர்ந்து உண்ணும் இல்லத்தில் காலை மடக்குவதற்கேற்ற தளர்ந்த உடை தேவைப்படுகிறது. நாற்காலி வந்தபின் உடையும் மாறுகிறது. சில வேளைகளில் உடையே அறைகலனை மாற்றுவதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுச் சீமாட்டிகள் இடுப்பின் இருபுறமும் அகன்று விரிந்த பாவாடைகளை அணிந்தபோது, நாற்காலிக் கைகளின் முன்தாங்கிகளைப் பின்தள்ளி அமைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, பொருள். அறையில் திரையாகவும் விரிப்பாகவும் பயன்பட்ட துணி, பின்னர் உடுத்தும் துணியாக மாறுவது உண்டு. மூன்றாவது, உருவமும் நிறமும். இத்தாலியில் மண்ணுள் புதைந்து கிடந்த பொம்பெய் நகரில் 1748ஆம் ஆண்டு அகழ்வு தொடங்கியது. பண்டைய ரோமானியத் தூண்களும் சுவர்களும் வெளிப்பட்டபின், ஐரோப்பியக் கட்டடங்கள் அப்பாணியைத் தழுவின. அந்நூற்றாண்டின் இறுதியில் பெண்களின் உடையும் எளிய வெண்ணிறத் தூண் போன்ற வடிவம் பெற்றது. அவ்வுடைக்குரிய மெல்லிய மஸ்லின் துணியில் ஒரு பகுதி நமது வங்காளத்திலிருந்து சென்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மூன்று வழிகளையும் மட்டாஞ்சேரியிலும், அதனோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த சோழமண்டலக் கரையிலும் காணலாம்.

அரண்மனையின் அமைப்பு

மட்டாஞ்சேரி அரண்மனை 1555ஆம் ஆண்டையொட்டிப் போர்ச்சுக்கீசியரால் கட்டப்பட்டு, கொச்சி மன்னர் வீரகேரள வர்மாவுக்கு அளிக்கப்பட்டது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இதனைப் பழுதுபார்த்து விரிவுபடுத்தினர். அது முதல் ‘டச்சு அரண்மனை’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1951ஆம் ஆண்டு இது மத்திய அரசின் பாதுகாப்புக்குரிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறை இதனைப் பராமரித்து வருகிறது.

வெளித்தோற்றத்தில் தடித்த சுவர்களும் வளைவுகளும் ஐரோப்பியச் சாயலைக் காட்டுகின்றன. உள்ளமைப்போ கேரள மரபைச் சேர்ந்த நாலுகெட்டு. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பகுதிகள், முற்றத்தில் பழையன்னூர் பகவதியின் கோயில். உணவுக் கூடத்தின் மரக்கூரையில் செதுக்கு வேலைப்பாடும் வரிசையான பித்தளைக் கிண்ணங்களும் உள்ளன. தரை பார்வைக்கு மெருகிட்ட கருஞ்சலவைக்கல் போலத் தோன்றும். உண்மையில் அது எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டையின் வெண்கரு ஆகியவற்றைக் கலந்து இழைத்த தரையாகும். கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்களுக்கு இத்தகைய தரை புதிதன்று.

கருமையான தரை, பழுப்பேறிய தேக்கு, தாழ்ந்த கூரையால் மங்கிய ஒளி ஆகியவற்றின் நடுவே கேரளத்தின் மரபுடையாகிய வெளுக்காத பருத்தித் துணி தனித்து ஒளிர்கிறது. முண்டும் நேரியதும் என்னும் ஈராடையில் அகன்ற வெற்றுப் பரப்பும், ஓரத்தில் பொற்சரிகைக் கரையும் மட்டுமே உண்டு. சரிகையைக் கேரள மக்கள் ‘கசவு’ என்பர். வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரையில் மெல்லிய பருத்தி ஏற்றது; மங்கிய ஒளியில் ஒரு பொற்கோடே போதிய அணியாகிறது. மெருகிட்ட தரையும் வழிபாட்டுத் தூய்மையும் காலணியை வாயிலிலேயே நிறுத்தின. இவ்வாறு இடத்தின் அமைப்பும் உடையின் எளிமையும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன.

அரண்மனையில் 1864 முதல் ஆட்சி புரிந்த கொச்சி மன்னர்களின் உருவப் படங்களும், அரசகுடும்பத்தினர் விழாக்களில் அணிந்த உடைகளும், பல்லக்குகளும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. உடை வரலாறு பயிலும் மாணவர்க்கு இவை பயனுள்ள சான்றுகளாகும்.

சுவர் உருவாகும் முறை

வெற்றுத் துணியை உடுத்திய மக்கள் வாழ்ந்த இவ்வரண்மனையின் சுவர்களோ வெற்றிடமே இன்றி வண்ணத்தால் நிறைந்தவை. பள்ளியறை எனப்படும் மன்னரின் படுக்கையறையில், புத்திரகாமேட்டி வேள்வி முதல் அயோத்தி மீளல் வரை இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. கீழ்த்தளத்துப் பெண்டிர் அறையில் சிவன், திருமால், கண்ணன் ஆகியோரின் காட்சிகளும், காளிதாசரின் குமாரசம்பவக் காட்சிகளும் இடம்பெற்றுள்ளன. இவை யாவும் ஒரே காலத்தவை அல்ல. வெவ்வேறு தலைமுறை ஓவியர்களின் கைவண்ணம்.

கேரளச் சுவரோவியத்தின் செய்முறை கட்டடப் பணியோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தில் கடுக்காய், வெல்லம், சுண்ணாம்புவள்ளி என்னும் கொடியின் சாறு முதலியவற்றைச் சேர்த்துச் சுவரைப் பூசுவர். அது உலர்ந்தபின் சுண்ணாம்பை இளநீரில் கரைத்துப் பலமுறை மெல்லிய பூச்சாக இடுவர். நன்கு காய்ந்த பரப்பின் மீதே ஓவியம் தீட்டப்படும். காவிச் சிவப்பும் காவி மஞ்சளும் செம்பாறைக் கற்களிலிருந்து பெறப்படுகின்றன. அவுரியின் நீலச் சாற்றோடு ஒருவகை மஞ்சள் பிசினைச் சேர்த்தால் பச்சை கிடைக்கும். நல்லெண்ணெய் விளக்கின் புகைக்கரி கறுப்பாகும். வெண்மைக்குத் தனி வண்ணம் இல்லை. சுவரின் சுண்ணாம்பு வெண்மையையே விட்டுவிடுவர். வண்ணத்தைச் சுவரில் பற்றவைக்க வேப்பம் பிசின் உதவுகிறது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்பரத்தினம் என்னும் வடமொழி நூல் இக்கலைக்கு இலக்கணமாகக் கொள்ளப்படுகிறது. உருவரை வரைவதில் தொடங்கி, வண்ணமிட்டு, நிழல் தீட்டி, இறுதிக் கோடு இழுத்து நிறைவு செய்வது வரை ஆறு படிகள் வகுக்கப்பட்டுள்ளன. சாத்துவிக குணமுடைய தெய்வங்களுக்குப் பச்சை, இராசச குணமுடையோர்க்குச் சிவப்பும் பொன்மஞ்சளும் என்னும் நிற மரபும் உண்டு.

இவ்வோவியங்களில் வரும் உருவங்கள் மேலாடை குறைந்தும் அணிகலன் மிகுந்தும் காணப்படுகின்றன. இடையாடைகளில் பூக்களும் கோடுகளும் கொண்ட வேலைப்பாடு உண்டு. உயர்ந்த மகுடங்கள், அடுக்கடுக்கான ஆரங்கள், பெரிய காதணிகள் ஆகியவை சுவர்ப் பரப்பை நிரப்புகின்றன. இவை அன்றாட உடையின் பதிவுகள் அல்ல. தெய்வ உருவத்திற்குரிய மரபணிகள். எனினும் பிற்காலத்து உடை வடிவமைப்பாளர்கள் தேடி வந்தது இவ்வணிகளையும், நீண்ட கண்களையும், வளைந்து செல்லும் உருவக் கோட்டையுமேயாகும்.

சுவரிலிருந்து சேலைக்கு

இக்கலை சேலைக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் ஓர் அழிவும், அதனைத் தொடர்ந்த புத்தாக்கமும் ஆகும். 1970ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் குருவாயூர்க் கோயிலில் பெருந்தீ மூண்டது. கருவறைப் புறச்சுவர்களில் இருந்த பழைய ஓவியங்கள் பெரும்பாலும் அழிந்தன. அவற்றை மரபு முறைப்படி மீண்டும் தீட்டக்கூடிய ஓவியர்கள் அப்போது மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் தலைமையில் 1980களில் அச்சுவர்கள் மீண்டும் தீட்டப்பட்டன. இக்கலை ஒருசில முதியவர்களோடு மறைந்துவிடக் கூடாது என்னும் எண்ணத்தில், 1989ஆம் ஆண்டு குருவாயூர் தேவஸ்வம் ஒரு சுவரோவியப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கிற்று. அங்கு ஐந்தாண்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. காலடியிலுள்ள ஸ்ரீ சங்கராச்சாரியா சமஸ்கிருதப் பல்கலைக்கழகமும், ஆறன்முளையிலுள்ள வாஸ்து வித்யா குருகுலமும் பின்னர் இக்கலையைக் கற்பிக்க முன்வந்தன.

பயிற்சி பெற்ற இளைஞர்கள் அனைவருக்கும் கோயிற் சுவர்கள் கிடைப்பதில்லை. ஒரு கோயிற் சுவரைத் தீட்டினால் பல தலைமுறைகளுக்கு மறுபடியும் தீட்ட வேண்டியதில்லை. எனவே அவர்கள் துணித்திரை, மரப்பலகை, வீட்டு வரவேற்பறைச் சுவர் என்று பிற பரப்புகளை நாடினர். கசவுச் சேலையின் அகன்ற வெற்றுப் பரப்பு ஓவியனுக்குச் சுண்ணாம்புச் சுவரைப் போன்றே அமைந்தது. முந்தானையில் கண்ணனும் இராதையும், கரையோரத்தில் மயிலும் தாமரையும் தீட்டப்பட்ட சேலைகள் ஓணத்திற்கும் திருமணத்திற்கும் விரும்பி வாங்கப்படும் பொருளாயின. சுவரில் வெண்மைக்குத் தனி வண்ணம் இல்லாதது போலவே, சேலையிலும் துணியின் இயல்பான நிறமே வெண்மையாகப் பயன்படுகிறது. ஆனால் காவிக்கல்லும் அவுரியும் துணிக்கு வரவில்லை. துவைத்தாலும் நிற்கும் செயற்கை வண்ணங்களே அவற்றின் இடத்தைப் பெற்றன.

ஆகவே சுவரிலிருந்து சேலைக்கு வந்தவை உருவமும் நிற மரபும் மட்டுமே. பொருளும் செய்முறையும் வரவில்லை. இதனைக் குறையாகக் கூறுவதற்கில்லை. துணிக்குரிய தேவை வேறு. எனினும், அசல் சுவர் அழிந்துவிட்டால் சேலையிலுள்ள உருவம் நகலின் நகலாகி நாளடைவில் திரிந்துவிடும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நீலத் தரையோடுகள்

அரண்மனைக்கு அண்மையிலுள்ள பரதேசி யூத ஆலயம் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 1662இல் போர்ச்சுக்கீசியரால் சேதமுற்று, டச்சுக்காரர்கள் வந்தபின் 1664இல் செப்பனிடப்பட்டது. இதன் நான்காம் நூற்றாண்டு நிறைவு விழாவில் 1968ஆம் ஆண்டு பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அஞ்சல் துறை அவ்வாண்டில் ஒரு சிறப்புத் தபால் தலையும் வெளியிட்டது.

இவ்வாலயத்தின் தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெண்மையும் கொண்ட ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. இவை கையால் தீட்டப்பட்டவை. ஆதலால் முற்றிலும் ஒத்த இரண்டு ஓடுகள் இல்லை என்று மரபாகக் கூறுவர். வருவோர் காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். சிம்ஹத் தோரா என்னும் திருநாளில் பட்டுத் துணிகளைத் தொங்கவிட்டு ஆலயத்தின் உட்புறத்தை அலங்கரிப்பது கொச்சி யூதரின் வழக்கமாக இருந்தது. உடைக்குரிய துணி உள்ளலங்காரமாக மாறியதற்கு இது ஒரு சான்று. சுவரிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து சுவருக்கும் ஆகிய இருவழிப் போக்குவரத்தையும் மட்டாஞ்சேரி அறிந்திருந்தது.

அறைத்திரை ஆடையான வரலாறு

கொச்சியை 1795 வரை ஆண்ட அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிலும், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்திலும் நிலைகொண்டிருந்தது. கொச்சியில் அதன் நாட்டம் மிளகு, சோழமண்டலத்தில் துணி. இங்கிருந்து கப்பலேறிய பூவேலைத் துணிகளை டச்சு மொழியில் ‘சிட்ஸ்’ என்றும் ஆங்கிலத்தில் ‘சிண்ட்ஸ்’ என்றும் வழங்கினர். மெழுகால் மறைத்தும், சாயவேர், அவுரி முதலியவற்றில் தோய்த்தும், எழுதுகோலால் தீட்டியும் இவை உருவாக்கப்பட்டன.

ஐரோப்பாவில் இவை முதலில் உடையாகப் பயன்படவில்லை. படுக்கை விரிப்பாகவும் சுவர்த்திரையாகவுமே இல்லங்களுள் நுழைந்தன. டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய அதே 1663ஆம் ஆண்டில், இலண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்னும் அதிகாரி தம் மனைவியின் படிப்பறைச் சுவரை மூடுவதற்கு இத்துணியை வாங்கியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். சில பத்தாண்டுகளில் நிலைமை மாறிற்று. தரை விரிப்புக்கும் போர்வைக்கும் உரியதாகக் கருதப்பட்ட துணியைச் சீமாட்டிகள் உடுத்தத் தொடங்கிவிட்டனர் என்று 1708இல் எழுத்தாளர் டேனியல் டீஃபோ குறைகூறும் அளவுக்கு அது பரவிற்று. நெதர்லாந்தின் ஹிண்டலோப்பன் என்னும் சிற்றூரில் இந்தியப் பூத்துணியே பெண்களின் மரபுடையாக நிலைபெற்றது.

தம் நெசவாளரின் பிழைப்பு கெடுவதைக் கண்டு, பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1701, 1721 ஆகிய ஆண்டுகளிலும் இத்துணிகளுக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றின. உள்ளலங்காரத்தில் தொடங்கிய ஒரு விருப்பம் உடைப் பாணியாகி, இறுதியில் நாடுகளின் வணிகக் கொள்கையையே மாற்றியமைத்தது. பின்னர் ஐரோப்பிய ஆலைகள் இதே வடிவங்களை இயந்திரத்தில் அச்சிடத் தொடங்கியபோது, சோழமண்டலத்தின் கைவினைஞர்கள் தம் சந்தையை இழந்தனர். வடிவம் வாழ்ந்தது; அதனை உருவாக்கியவர் வாழவில்லை.

இதே கைவினையின் ஆலயக் கிளை தஞ்சைப் பகுதியில் இன்றும் எஞ்சியுள்ளது. கோயில் மண்டபங்களிலும் தேர்களிலும் தொங்கும் தொம்பை, தோரணம், விதானம் ஆகிய துணிகளைத் தீட்டும் கருப்பூர்க் கலம்காரிக் கலைக்கு 2021இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கல்லால் ஆன தூணுக்குத் துணியால் ஆன துணையாகத் தொங்குவது தொம்பை. கட்டடக் கலைக்கும் துணிக்கும் உள்ள உறவுக்கு இதனினும் நேரடியான எடுத்துக்காட்டு அரிது.

தறியிலா, தறிக்குப் பின்னரா?

கட்டடத்தின் உருவம் துணிக்குள் நுழையும் இடம் எது என்பதே கைவினைஞரின் வருவாயைத் தீர்மானிக்கிறது. காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கோபுரக் கரையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, அவற்றைக் கோர்வை முறையில் மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வர். ஒரே தறியில் நெசவாளரும் உதவியாளரும் சேர்ந்து உழைக்க வேண்டும். இரு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று கவ்வும்போது கூரிய கோபுர வரிசை தோன்றுகிறது. கோயிலின் உருவம் தறியிலேயே பிறக்கிறது. ஆகவே அதன் மதிப்பு நெசவாளரின் உழைப்போடு பிணைந்துள்ளது. 1937ஆம் ஆண்டு ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் நெசவுக் கூடம் அமைத்து, அகன்ற கரையுள்ள பழைய வடிவங்களை மீட்டபோது, பயனடைந்தது தறியேயாகும்.

கேரளச் சுவரோவியச் சேலையின் நிலை வேறு. உருவம் தறிக்குப் பின்னர் தூரிகையால் வந்து சேர்கிறது. சேலையின் விலை உயர்கிறது. உயர்வின் பெரும்பகுதிக்கு உரியவர் ஓவியரும் விற்பனையாளருமே. நெசவாளர் வெற்றுச் சேலைக்குரிய கூலியையே பெறுகிறார். ஓவியருக்கு வேலை கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் அடுத்த படியாக, அதே உருவத்தைக் கணிப்பொறி வழியே விசைத்தறித் துணியில் அச்சிடும் முறை வந்துள்ளது. அங்கு நெசவாளரும் இல்லை, ஓவியரும் இல்லை. தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றுவதால், விலை குறைந்ததே சந்தையை வெல்கிறது. சோழமண்டலத்தின் பழைய அனுபவம் மீண்டும் நிகழும் அபாயம் இதில் உள்ளது.

சட்டப் பாதுகாப்பும் இங்கு வரையறைக்குட்பட்டதே. கேரளத்தின் பாலராமபுரம், சேந்தமங்கலம், குத்தாம்புள்ளி ஆகிய கைத்தறித் துணிகள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. அக்குறியீடு அவ்வூரின் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும். பல நூற்றாண்டுப் பழமையுள்ள ஒரு சுவரோவியத்தின் உருவத்தை எவரும் அச்சிடுவதைத் தடுக்க அதனால் இயலாது.

நெசவாளர் நிலை

எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பறவூருக்கு அருகிலுள்ள சேந்தமங்கலம், கொச்சி அரசின் அமைச்சர்களாக விளங்கிய பாலியத்து அச்சன்மாரின் ஊராகும். ‘புளியிலைக்கரை’ எனப்படும் மெல்லிய கரிய கோட்டுக் கரை இவ்வூர்த் துணிக்குரிய அடையாளம். திருச்சூர் மாவட்டத்துக் குத்தாம்புள்ளியில் தேவாங்கச் சமூகத்தினர் நெய்து வருகின்றனர். கொச்சி அரசகுடும்பத்தின் தேவைக்காக அவர்கள் மைசூர்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. அரண்மனை தன் சுவருக்கு ஓவியரையும் தன் உடைக்கு நெசவாளரையும் ஒருங்கே பேணிய காலம் அது.

2018 ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் சேந்தமங்கலத்தின் தறிகளும், ஓணம் விற்பனைக்கென வைத்திருந்த துணிகளும் நீரில் மூழ்கின. சேறு படிந்த துணிகளிலிருந்து ‘சேக்குட்டி’ என்னும் சிறு பொம்மைகளைச் செய்து விற்று, தறிகளை மீட்க நிதி திரட்டப்பட்டது. ஓராண்டு வருவாய் ஒரு பருவத்தை நம்பியிருக்கும் தொழிலின் நலிவை அந்நிகழ்ச்சி புலப்படுத்திற்று. பள்ளி மாணவர்க்குக் கைத்தறிச் சீருடை வழங்கக் கேரள அரசு 2017இல் மேற்கொண்ட திட்டம், பருவத்தைச் சாராத நிலையான வேலையை அளித்தமையால் பயன் தந்தது.

2019-20ஆம் ஆண்டு நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 35.22 லட்சம் பேர் கைத்தறியிலும் அதனைச் சார்ந்த பணிகளிலும் ஈடுபட்டுள்ளனர். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். எனவே வடிவம் எந்த இடத்தில் துணிக்குள் நுழைகிறது என்பது அழகியல் சார்ந்த வினா மட்டுமன்று. பெண்களின் வாழ்வாதாரம் சார்ந்த வினாவும் ஆகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, சுவரோவிய வடிவங்களைத் தறிக்கு ஏற்ப மாற்றியமைக்கும் ஆய்வு தேவை. வளைந்து செல்லும் தூரிகைக் கோடு தறியில் படிப்படியான கோடாக மாறிவிடும். ஆதலின் முழு உருவத்தையும் நெய்ய முயல்வதைவிட, ஓவியத்தின் ஓரச் சட்டங்கள், ஆரங்கள், தாமரை, மகுட வேலைப்பாடு ஆகியவற்றைக் கரைக்கும் புட்டாவுக்கும் ஏற்ப வகுப்பது பொருத்தமாகும். இத்தகைய பணிக்கு முன்மாதிரி உண்டு. 1950களில் தொடங்கப்பட்ட நெசவாளர் பணி மையங்களில் ஓவியர்கள் அமர்ந்து வடிவங்களை உருவாக்கினர். கேரளத்தில் பிறந்து, பெருஞ்சுவர் ஓவியங்களும் படைத்த கே. ஜி. சுப்பிரமணியன் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றியவர். கண்ணூரிலுள்ள நெசவாளர் பணி மையமும் குருவாயூர், காலடி ஓவியப் பயிற்சி நிலையங்களும் இணைந்து செயல்பட்டால் பலன் விளையும்.

இரண்டாவதாக, தூரிகையால் தீட்டும் சேலைக்குக் கைத்தறித் துணியையே பயன்படுத்துவதும், நெசவாளர், ஓவியர் ஆகிய இருவர் பணியையும் குறிக்கும் சீட்டினை இணைப்பதும் நன்று. கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் உள்ளது. அதனோடு ‘கையால் தீட்டியது’, ‘அச்சிட்டது’ என்னும் வேறுபாட்டையும் வாங்குவோர் அறியச் செய்தல் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் ஓவியரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால், தீட்டிய சேலையின் மதிப்புயர்வில் நெசவாளருக்கும் பங்கு கிடைக்கும்.

மூன்றாவதாக, மூலத்தைக் காத்தல் வேண்டும். கடற்காற்றின் உப்பும் பருவமழையின் ஈரமும் சுண்ணாம்புப் பூச்சின் பகைகள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடத்தைத் தடை செய்தும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்தியும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டுள்ளது. நெருக்கமான மட்டாஞ்சேரி போன்ற இடத்தில் இதனை நடைமுறைப்படுத்துகையில் அங்கு வாழ்வோரின் தேவைகளையும் கருத வேண்டியுள்ளது. சுவரோவியங்களை நுட்பமாகப் படமெடுத்து, நிறங்களையும் கோடுகளையும் பதிவு செய்து, நெசவு மாணவர்க்கு எளிதிற் கிடைக்கச் செய்வது உடனடியாக இயலக்கூடிய பணியாகும்.

நான்காவதாக, வரும் பார்வையாளரை உற்பத்தியாளரோடு இணைத்தல் வேண்டும். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிக் கலைவிழா, பழைய பண்டகசாலைகளைக் கலைக்கூடங்களாக்கி உலகெங்குமிருந்து வடிவமைப்பாளரை இப்பகுதிக்கு ஈர்த்துள்ளது. அவர்கள் கண்டு மகிழும் சுவருக்கும், சில மணி நேரப் பயணத்திற்குள் இயங்கும் தறிக்கும் இடையே முறையான வழி அமைக்கப்பட்டால், பயன் நேரடியாக நெசவாளரைச் சென்றடையும்.

தொல்லியல் துறை சுவரைக் காக்கிறது. கைத்தறித் துறை தறியைப் பேணுகிறது. பல்கலைக்கழகம் ஓவியரைப் பயிற்றுகிறது. இம்மூன்றும் தனித்தனிக் கோப்புகளில் நடைபெறும் வரை, சுவரின் அழகு சேலைக்கு வந்தாலும் அதன் ஊதியம் தறிக்கு வந்து சேராது. அரண்மனை ஒன்றே மூவரையும் ஒருங்கே பேணிய நிலையை இன்றைய மக்களாட்சியில் அரசும் கூட்டுறவும் ஏற்க வேண்டியுள்ளது. அவ்வாறு ஏற்குமாயின், மட்டாஞ்சேரியின் பள்ளியறைச் சுவரும் சேந்தமங்கலத்தின் தறியும் ஒன்றையொன்று வாழவைக்கும்.